ஐந்து நிமிடம் கழித்து வரும் மஞ்சள்

முப்பத்து நான்கு வயதில் "ஓய்வு பெற்றுவிட்டேன்" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். போன வாரம் சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் பள்ளித் தோழி ஒருத்தி, "இன்னாடி, பென்ஷன் வாங்கற வயசா உனக்கு?" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அவள் தட்டிய இடத்தில்தான் காரணமும் இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினோரு ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். படுக்கைகளின் மேல் குனிந்து குனிந்தே கீழ்முதுகில் ஒரு வட்டு விலகிவிட்டது. இனிமேல் குனியாதே என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். குனியாமல் செய்கிற வேலை அது இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பின் சேர்ந்த சௌமியா சென்ற மாதம் போன் செய்தாள். பிரிவுக்குப் புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றனவாம். "அக்கா, பயத்துக்குன்னு நீங்க ஒரு நோட்டு வெச்சிருப்பீங்களாமே? அதப் போட்டோ எடுத்து அனுப்புங்களேன். இந்த மிஷினு கத்தறப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நோட்டு இருக்கிறது. பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு, இடப்புறம் சில சொற்கள், வலப்புறம் சில சொற்கள், அவ்வளவுதான். நடந்தது தெரியாதவர்களுக்கு அது மளிகைச் சிட்டை போலத் தெரியும். அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரம்தான் சிறுநீரகம். கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் வெளியே வந்து வடிகட்டிக்குள் போகும். மற்றொன்றின் வழியே திரும்ப உடம்புக்குள் போகும். எந்த நொடியில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரு டம்ளர் ரத்தம் உடம்புக்கு வெளியே பிளாஸ்டிக் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளி செய்தித்தாள் படிப்பார், தூங்குவார், மருமகளைப் பற்றிக் குறை சொல்வார். அந்த ஒரு டம்ளரை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

படிப்பு இரண்டு ஆண்டு. அங்கே பாடமாகக் கற்றதை வேலையின் முதல் மாதத்திலேயே பயமாகக் கற்றேன். என் பயங்களை எண் போட்டு எழுதி வைத்தேன். ஒன்று, குழாயில் காற்று நுழைவது. இரண்டு, ஊசி நழுவுவது. மூன்று, ரத்த அழுத்தம் திடீரென்று சரிவது. நான்கு, தண்ணீர். நான்காவதைக் கேட்டால் வெளியாட்கள் புருவத்தைத் தூக்குவார்கள். வடிகட்டியில் மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் தண்ணீர் கலந்த கரைசல். நாம் குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர் அந்தச் சவ்வு வழியாக ரத்தத்தைத் தொடும்போது ஆளைக் கொல்லலாம்.

எங்கள் தலைமை டெக்னீஷியன் பெயரை ஜெயசீலன் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டியவர், மெல்லிய குரல். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. இயந்திரம் அலறினால் நாங்கள் எல்லாரும் பாய்ந்து போய் முதலில் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்துவோம். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு படுக்கையருகே வந்து நிற்பார். "மொதல்ல மூஞ்சி. அப்புறம் டியூபு. கடசியா மிஷினு. அத அமுக்காதம்மா, அது உன்னத் திட்டல" என்பார். முகம், குழாய், திரை என்று பார்வை இறங்கிய பிறகுதான் அவர் கை முன்னால் வரும். மூன்று நொடிகூட ஆகாது. அந்த மூன்று நொடியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆனது.

அந்த ஓராண்டின் நடுவில் ஒரு மார்கழி காலை. வடக்கனந்தலிலிருந்து வரும் ஒரு வயதான அம்மா குளிருகிறது என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். ஊசி இருந்த கை உள்ளே போய்விட்டது. நான் இரண்டு படுக்கை தள்ளி ரத்த அழுத்தம் எழுதிக்கொண்டிருந்தேன். இயந்திரம் கத்தவில்லை. ஜெயசீலன் சார் அந்தப் பக்கமாக நடந்தவர் நின்றார். அந்த அம்மாவின் உதடுகளைப் பார்த்தார். போர்வையை விலக்கினார். ரத்தம் திரும்பிப் போக வேண்டிய ஊசி பாதி வெளியே கிடந்தது. மெத்தை ஈரமாக இருந்தது, கறுப்பாக. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், மறுவாரம் வந்து போர்வை கேட்டுச் சண்டையும் போட்டார். ஆனால் அதன் பிறகு பல மாதங்கள் எந்தப் போர்வையைப் பார்த்தாலும் கை வெளியே இருக்கிறதா என்று தேடுவேன். வீட்டில் என் தங்கை இழுத்துப் போர்த்தித் தூங்கினால் எழுந்துபோய் அவள் கையை வெளியே எடுத்து வைப்பேன். "இன்னாக்கா, பைத்தியமா?" என்று தூக்கத்தில் திட்டுவாள்.

இப்படிப் பயந்துகொண்டிருந்த காலத்தில்தான் சங்கராபுரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டோயிக் தத்துவம் பற்றிய ஓர் உரையைக் கைப்பேசியில் கேட்டேன். கிரேக்க நாட்டில் தோன்றி ரோமாபுரியில் வளர்ந்த பழைய சிந்தனை. அதை ஒரு அடிமையும் பின்பற்றினான், ஒரு பேரரசனும் பின்பற்றினான் என்றார் பேசியவர். அது கேட்பது இவ்வளவுதான்: எது உன்னால் ஆவது, எது உன்னால் ஆகாதது என்று பிரி. ஆவதில் முழுக் கவனத்தையும் வை. ஆகாததை வருகிறபடி ஏற்றுக்கொள். எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். அன்றே ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன்: இடப்புறம் ஆவது, வலப்புறம் ஆகாதது.

சின்ன விஷயங்களுக்கு அது உடனே உதவியது. பேருந்து தாமதம், வலப்புறம். ஒரு பேருந்து முன்னதாகக் கிளம்புவது, இடப்புறம். டாக்டரின் கோபம், வலப்புறம். அவர் கேட்பதற்குள் ரத்த அழுத்தத்தை எழுதி வைப்பது, இடப்புறம். என் திருமணம் பற்றி அம்மா விடும் பெருமூச்சு, வலப்புறம். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகாமல் இருப்பது, இடப்புறம். காலையில் இன்று என்னென்ன கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதும், மாலையில் இன்று எங்கே தவறினேன் என்று கேட்டுக்கொள்வதும் அதே தத்துவத்தின் பழக்கங்கள். போகும் பேருந்தில் ஒன்று, திரும்பும் பேருந்தில் மற்றொன்று என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அந்த உரையில் இருந்தது. புயலில் கப்பல் ஆடினால் ஞானியின் முகமும் வெளுக்கும். அந்த முதல் நடுக்கம் அவன் கையில் இல்லை. நடுக்கம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதா என்பதுதான் அவன் கையில் இருக்கிறது. அலாரம் கேட்டதும் என் நெஞ்சு துள்ளுவதை அதுவரை என் தகுதிக் குறைவு என்று நினைத்திருந்தேன். அன்று அதை வலப்புறத்துக்கு மாற்றினேன். துள்ளட்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைப் பார்ப்பது மட்டும் என் வேலை.

ஒருநாள் நோட்டை மேசையில் விட்டுவிட்டேன். ஜெயசீலன் சார் பார்த்துவிட்டார்.

"இது இன்னாம்மா, ரெண்டு கட்டம்?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "கிரேக்கத்துல டயாலிசிஸ் இருந்துச்சா?" என்றார். பிறகு என் பேனாவை வாங்கி வலப்புறத்தில் நான் எழுதியிருந்த 'தண்ணீர்' என்ற சொல்லை அடித்து இடப்புறத்தில் எழுதினார். "லாரில எந்தத் தண்ணி வருதுங்கறது உன் கையில இல்ல. அத உள்ள வுடறதும் வுடாததும் உன் கையிலதான இருக்குது?"

தண்ணீர் அறையை நான்தான் திறப்பேன் என்பதால் அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லாரியில் வந்து தரைத்தொட்டியில் இறங்கும் தண்ணீரில் கிருமி கொல்ல பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். அதில் உள்ள குளோரின் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் தண்ணீர் முதலில் கரி நிரப்பிய ஒரு பெரிய உருளை வழியாகப் போகும். கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் ஆர்.ஓ. சுத்திகரிப்பு. அங்கிருந்து நேராக இயந்திரங்களுக்குப் போகும், நடுவில் சேமிப்புத் தொட்டி கிடையாது. வாரம் ஒரு முறை, பிரிவுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, கரி உருளைக்குள் தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்திக் கழுவ வேண்டும். பேக்வாஷ் என்போம். தினமும் காலையில், முதல் நோயாளியை இணைக்கும் முன், கரியைத் தாண்டி வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் தூக்கிப் பார்க்க வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். நிறைய இருந்தால் உடனே. வேறொன்றோடு கலந்து ஒளிந்திருந்தால் மெல்ல, ஐந்து நிமிடம் கழித்து. அதனால் பார்த்தவுடன் தெளிவாக இருக்கிறது என்று குழாயைக் கொட்டிவிடக் கூடாது. ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து ஏழாம் ஆண்டு, ஐப்பசி மழை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை பேக்வாஷ் என் முறை. அன்று பத்து மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஐந்தரைப் பேருந்தில் போய்ச் செய்துவிட்டு ஒன்பதுக்குள் வீடு திரும்பியிருக்கலாம். மழை அடித்துக்கொண்டிருந்தது. "இன்னிக்குக் கூடவா கள்ளக்குறிச்சி? தலையெல்லாம் நனச்சிக்கினு வந்து நிக்கப் போறியா?" என்றாள் அம்மா. நோட்டை எடுத்தேன். மழை, வலப்புறம். பேருந்து, வலப்புறம். அடுத்து அதே வலப்புறத்தில் 'பேக்வாஷ், நாளை மாலை' என்று எழுதினேன். எழுதியவுடன் மனம் அமைதியானது. அந்த அமைதியை இத்தனை ஆண்டுப் பயிற்சியின் பலன் என்றே நினைத்தேன். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "நாளு பூரா ரத்தத்துலயா நிக்கும் பொண்ணு?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, அவசரப் பிரிவு வாசலில் குப்பாயி அம்மா நின்றிருந்தார். முழங்கால் வரை சேறு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் சாமை பயிரிடும் குடும்பம். அவர் கணவர் வெள்ளையன் இரண்டு ஆண்டாக எங்கள் நோயாளி. வாரம் மூன்று முறை மலைப் பேருந்தில் இறங்கி வருவார். பாறை சரிந்து மலைப்பாதை அடைபட்டதால் போன புதனும் வெள்ளியும் வரவில்லை.

"தூளி கட்டித் தூக்கினு வந்தோம் பாப்பா. சரிவுக்கு இந்தப் பக்கம் வந்து ஜீப்பு புடிச்சோம். மூச்சு வுட முடியல அவரால. சீக்கிரம் மிஷின்ல போடு" என்றார்.

உள்ளே வெள்ளையன் ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார்ந்த நிலையில் இருந்தார். முகம் வீங்கிக் கண்கள் கோடாகியிருந்தன. எப்போதும் என்னைக் கண்டால் ஏதாவது கிண்டல் செய்பவர், பார்த்தார், பேசவில்லை. டியூட்டி டாக்டர் ஈ.சி.ஜி. தாளைக் காட்டினார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் அதில் அலைகள் கூம்பு கூம்பாக உயரும். எல்லாம் உயர்ந்திருந்தன. "எந்த நிமிஷமும் ஹார்ட் நின்னுடும். ஊசி போட்டிருக்கேன், அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். உடனே ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

தண்ணீர் அறையைத் திறந்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்தேன். சொட்டு விட்டேன்.

உடனே மஞ்சள். வெளிர் மஞ்சள்கூட இல்லை, சாமந்தி மஞ்சள்.

வார்டு உதவியாளர் அஞ்சலை அக்கா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "அது ஒண்ணும் இல்லம்மா. நேத்து தொட்டித் தண்ணி கலங்கலா வந்துச்சி. மழைக்கு ஊர் பூரா சீக்கு வருதேன்னு நான்தான் பவுடரு ரெண்டு மடங்கு ஜாஸ்தியா போட்டேன். வூட்லயும் அப்பிடித்தான் போடுவோம்." நல்லது செய்த பெருமை அவர் முகத்தில் இருந்தது. இந்த ஊரில் மழைக்காலத்தில் தொட்டி வைத்திருக்கும் எவரும் அதைத்தான் செய்வார்கள். அவர் போட்டது அதிகம்தான். ஆனால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கரி, நான் கழுவாத கரி.

நெஞ்சு துள்ளியது. துள்ளல் நிற்கவில்லை. காதுக்குள் அடித்தது. கைகளைப் பின்னால் கட்டினேன்.

ஜெயசீலன் சார் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் செய்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"டியூப்ல கலர் இருக்குதா?"

"இருக்குது சார். அடர்த்தியா இருக்குது."

"அப்ப போட மாட்ட. அப்புறம் எங்கிட்ட இன்னா கேக்கற?"

"ஆளு செத்துருவாரு போல இருக்குது சார்."

"தொட்டி வால்வ மூடிட்டு போர்வெல் லைன தொற. பேக்வாஷ் போடு. அலசு. மறுபடி பாரு. ஒரு மணி நேரம் ஆவும். டாக்டருகிட்ட நேராச் சொல்லு, சுத்தி வளைக்காத" என்று வைத்துவிட்டார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைவிட இளையவர், அவருக்கும் பயம். "விழுப்புரம் அனுப்பினா வழியிலேயே போயிடுவார். ஒரு மணி நேரம் எப்படிங்க வெயிட் பண்றது? உங்களால லேட் ஆகுதுன்னு எழுதிக் குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன் டாக்டர். நேரத்தோட எழுதிக் குடுக்கறேன். இந்தத் தண்ணியில போட்டா ரத்தம் உடையும். அதுலயும் பொட்டாசியம்தான் ஏறும்."

அவர் கூம்பு அலைகளை இன்னொரு தரம் பார்த்தார். அடுத்த ஊசியை எடுத்தார்.

அடுத்த அரை மணி நேரத்தில் என்னால் ஆனது வால்வுகள் மட்டும்தான். தொட்டியை மூடினேன், ஆழ்துளைக் கிணற்று வழியைத் திறந்தேன், கரி உருளையின் கைப்பிடியைத் தலைகீழ் ஓட்டத்துக்குத் திருப்பினேன். வடிகாலில் கறுப்புத் தண்ணீர் பாய்ந்தது. ஒரு வாரக் கரித்தூள். அது தெளியும்வரை நின்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையனின் மூச்சு கொரகொரவென்று கேட்டது. மூச்சு கேட்டால் பயம். கேட்காத நொடியில் இன்னும் பயம். கதவருகே குப்பாயி அம்மா வந்து நின்றார்.

"இன்னா பாப்பா பண்ணிக்கினு இருக்க? அங்க உசுரு போவுது, நீ குழாயத் தொறந்து வுட்டு வேடிக்க பாக்கற?"

"தண்ணி சரியில்லம்மா. சரியாவட்டும்."

"மலயில நாங்க ஓடத் தண்ணி குடிக்கறோம். இதுல இன்னா சரியில்ல? எங்களுக்குன்னா மட்டும் நொட்ட சொல்லுவீங்களா?"

அவர் பேச்சு வலப்புறம் என்று மனம் சொன்னது. ஆனால் அந்த நேரத்தில் கோடு எங்கே இருக்கிறது என்பதே எனக்கு மங்கலாகிவிட்டது. ஏன் கோபப்படுகிறார் என்பதில் என் பங்கும் இருந்ததே.

இரண்டாவது சோதனை. சொட்டு விட்டேன். தெளிவாக இருந்தது. அஞ்சலை அக்கா கையைத் தட்டினார். "அவ்ளோதான், போய்ப் போடும்மா!" டாக்டர் கதவு வழியே, "ஓகேவா?" என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம், தெளிவு. இரண்டு நிமிடம், தெளிவு. குப்பாயி அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். மூன்று நிமிடம். வெள்ளைத் தாள்தான் பழுப்பாகத் தெரிகிறதா, என் கண்தானா என்று சந்தேகம். நான்காவது நிமிடத்தில் குழாயின் அடியில் எலுமிச்சைத் தோல் போல ஒரு சாயல். ஐந்தில் மறுக்க முடியாத மஞ்சள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நொடி வேறு இல்லை. மஞ்சளைப் பார்த்ததால் மட்டும் அல்ல. இரண்டாம் நிமிடத்தில் குழாயைக் கொட்டிவிட என் கை கழுவுதொட்டிப் பக்கம் போயிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னும் அலசணும்" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. குப்பாயி அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது சோதனை ஐந்து நிமிடமும் தெளிவாக நின்றது. ஆறு ஐம்பத்தெட்டுக்கு வெள்ளையனை இணைத்தேன். முதல் சோதனைக்குப் பிறகு ஐம்பத்து மூன்று நிமிடம். அதோடு பயம் முடியவில்லை. ரத்தம் உடைந்தால் திரும்பிப் போகும் குழாயில் நிறம் மாறும், கறுஞ்சிவப்பு போய்க் கண்ணாடி போன்ற சிவப்பாகும். குழாய்க்குப் பின்னால் வெள்ளைப் பஞ்சுத் துணியை வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தேன். முகம், குழாய், திரை. முகம், குழாய், திரை. ஈ.சி.ஜி.யில் கூம்புகள் சரியத் தொடங்கியதை டாக்டர்தான் முதலில் பார்த்தார். இரண்டாம் மணி நேரத்தின் முடிவில் வெள்ளையன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "பாப்பா, இட்லி கிட்லி எதுனா உண்டா, இல்ல தண்ணிதான் காட்டுவியா?" என்றார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மறுநாள் ஜெயசீலன் சாரிடம் ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்த ஞாயிறுக்கு நேரே 'செய்யப்படவில்லை' என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினார்.

"கழுவியிருந்தா கரி தாங்கியிருக்குமா சார்?"

"ரெண்டு மடங்கு பவுடருக்கா? தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

"அவங்க வூட்ல சொல்லணுமா?"

"உன் நோட்டுல அது எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

இடப்புறம் வரும். அன்றிரவு நோட்டில் எழுதிப் பார்த்தேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். ஞாயிறன்று நான் செய்த தவறும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. மழையை வலப்புறம் எழுதியது சரி. மழையின் முதுகில் என் வேலையையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். அப்போது வந்த அமைதி தத்துவம் தந்தது இல்லை. செய்யாமல் விட்டதற்குப் போட்டுக்கொண்ட போர்வை அது.

புதன்கிழமை குப்பாயி அம்மா ஒரு துணிப்பை நிறையச் சாமை அரிசியும் மலைக் கொய்யாவும் கொண்டுவந்தார். "அன்னிக்கு ஏதேதோ பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத கண்ணு. டாக்டரு எல்லாத்தையும் சொன்னாரு. அந்தத் தண்ணியில போட்டிருந்தா போயிருப்பாராமே. நீதான் எங்களுக்கு சாமி" என்று என் கையைப் பிடித்தார். வெள்ளையன் படுக்கையில் இருந்து சிரித்தார். அப்போது நான் சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும்.

"அம்மா, அன்னிக்கு அவ்ளோ நேரம் காக்க வெச்சதுல என் தப்பும் இருக்குதுங்க."

"இன்னா தப்பு?"

சொன்னேன். கரி உருளை, ஞாயிற்றுக்கிழமை, மழை, பெண் பார்க்க வந்தது. சுருக்கமாக, வரிசையாக. சொல்லும்போது என் குரல் எனக்கே பட்டியல் வாசிப்பதுபோல் கேட்டது.

"நீ களுவியிருந்தா வந்த ஒடனே போட்டிருப்பியா?"

"தெரியாதுங்க. போட்டிருக்கலாம். அப்பவும் முடியாமப் போயிருக்கலாம்."

என் கையை விட்டார். வெள்ளையன், "வுடுடி. சாமியே ஆனாலும் ஞாயித்துக்கெழம மாப்ள பாக்க வேணாமா?" என்றார்.

"நீ சும்மா கெட. நீ செத்திருந்தா நானு யாருகிட்ட போய் இதக் கேக்கறது?" அவர் துணிப்பையைத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டார். நான்கு மணி நேரமும் என்னிடம் பேசவில்லை. போகும்போது பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் அறையில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். கதவில் நிழல் விழுந்தது, குப்பாயி அம்மா. முதல் பேருந்துக்கும் முன்னால் வந்த ஏதோ ஜீப்பில் கணவரை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அந்தக் கண்ணாடிய காட்டு."

கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தெளிவாத்தான் இருக்குது."

"இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கணுங்க."

"நிக்கறேன்."

நின்றோம். கடிகாரத்தை நான் பார்க்க, குழாயை அவர் பார்க்க. ஐந்து நிமிடம் முடிந்ததும் குழாயை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தத் தண்ணிய உங்கப்பாருக்குப் போடுவியா?"

"போடுவேங்க."

"அப்ப சரி."

அடுத்த நான்காண்டும், நான் வேலையை விடும்வரை, வாரம் மூன்று நாள் குப்பாயி அம்மா அந்தக் கதவில் வந்து நின்றார். மலைப்பாதை அடைபட்ட நாட்களில் மட்டும் அவர் வரவில்லை. மற்ற நோயாளிகளின் வீட்டார் சிலரும் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜெயசீலன் சார் அதற்காக ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். சாமை அரிசி மறுபடி எனக்கு வந்ததில்லை. பேச்சு மெல்ல மெல்ல வந்தது. விளைச்சல், மழை, மருமகள் என்று. ஆனால் 'உங்கப்பாருக்குப் போடுவியா' என்ற அந்தக் கேள்வியை ஒரு நாளும் அவர் விட்டுவிடவில்லை. ஐந்து நிமிடமும் அவர் கண்ணெதிரே தெளிவாக நின்ற குழாய்தான் என் கையில் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.